வந்துட்டேன் அக்காவின் மூன்று டிரேஸ்பாயின்ட்டுகள்

அந்த அலுவலகத்தில் நாற்பது பேர் நிரல் எழுதினார்கள். முப்பத்தொன்பது பேர் எழுதியது வாயை மூடிக்கொண்டு ஓடும். ஒருத்தர் எழுதியது மட்டும் ஓடிக்கொண்டே பேசும். அந்த ஒருத்தரைத்தான் எல்லோரும் 'வந்துட்டேன் அக்கா' என்றார்கள்.

பெயர் வந்த கதை பெரிய கதையில்லை. நிரலில் எங்கேயாவது சந்தேகம் வந்தால் அக்கா அந்த இடத்தில் ஒரு அச்சு வரியைச் செருகிவிடுவார். நிரல் அங்கே போய்ச் சேர்ந்ததும் திரையில் 'வந்துட்டேன் 1' என்று விழும். கொஞ்சம் தள்ளி 'வந்துட்டேன் 2'. பதினேழு, பதினெட்டு வரைக்கும் போகும். எதிர்பாராத இடத்துக்கு நிரல் போய்விட்டால் 'அட, இங்கேயுமா' என்று ஒன்று, போகவே கூடாத இடத்துக்கு 'அய்யோ' என்று ஒன்று வைத்திருப்பார். ஒருமுறை அதில் ஒரு வரியை எடுக்க மறந்து இயந்திரத்தை அனுப்பிவிட்டார்கள். வாங்கினவர் மூன்று நாள் கழித்துப் போன் பண்ணி, "உங்க மெஷின் செகண்டுக்கு ஒரு தடவை 'அய்யோ'ன்னு சொல்லுதே, ஏதாவது ஆபத்தா?" என்று கேட்டார். அக்கா கொஞ்சமும் அசரவில்லை. "இல்லைங்க, அது நான்தான்" என்றார்.

அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. அதில் இருபத்திரண்டு வருஷம் இந்த வேலை. அவர்கள் கம்பெனி பார்சல் பிரிக்கும் இயந்திரத்துக்கான கட்டுப்பாட்டுப் பெட்டியைச் செய்தது. நீளமான பெல்ட்டில் பார்சல்கள் வரிசையாக வரும். மேலே இருக்கும் ஸ்கேனர் லேபிளைப் படிக்கும். பக்கத்தில் இருக்கும் இரும்புக் கை, சரியான நேரத்தில் நீண்டு, பார்சலை அதற்குரிய கூடையில் தள்ளும். ஸ்கேனர் சொல்வதைக் கேட்டுக் கைக்குக் கட்டளை கொடுக்கும் பகுதிதான் அக்காவுடையது. அது கெர்னலுக்குள், அதாவது இயங்குதளத்தின் அடிமடியில், உட்கார்ந்திருந்தது.

அந்தக் கெர்னல் முழுவதற்கும் காவல் ஒருவர். யார் எந்த மாற்றம் அனுப்பினாலும் அவர் பார்த்துச் சரி என்றால்தான் உள்ளே போகும். அவருக்கு அலுவலகம் வைத்திருந்த பெயர் 'கறார்'. அக்காவும் அவரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். இருவர் மேஜைக்கும் நடுவே ஒரு தடுப்புப் பலகையும் ஒரு வாடிய தொட்டிச் செடியும்தான். ஆனால் நேருக்கு நேர் பேசிப் பதினோரு வருஷமாகிவிட்டது. அக்கா எழுதிய ஒரு குறிப்பில் எழுத்துப் பிழை இருக்கிறதென்று அவர் முழு மாற்றத்தையும் திருப்பி அனுப்பிய நாளோடு பேச்சு நின்றது. அப்புறம் எல்லாமே மெயிலில்தான். எட்டடி தூரத்துக்கு மெயில். தன்னுடைய மாற்றத்தைக் கறார் படிக்கும்போது தட்டச்சுச் சத்தம் கொஞ்சம் பலமாகக் கேட்கும் என்பது அக்காவின் உறுதியான நம்பிக்கை.

அப்போதுதான் அவர்கள் பெட்டியை வாங்கியிருந்த ஒரு பார்சல் கிடங்கின் மேலாளர் போன் பண்ணினார்.

"மேடம், பச்சைக் கூடைக்குப் போக வேண்டியது மஞ்சக் கூடைக்குப் போகுது. தினமும் ஏழெட்டு. உங்க கை கொஞ்சம் சோம்பேறியா இருக்கு."

"என் கையா சார்?"

"மெஷின் கை, மேடம்."

அக்கா உடனே களத்தில் இறங்கினார். பதினான்கு 'வந்துட்டேன்'களைப் போட்டு, கிடங்குப் பெட்டியில் ஏற்றினார். மூன்று நாள் ஒரு பார்சல்கூடத் தவறவில்லை. சரியாகிவிட்டது என்று அச்சு வரிகளை எடுத்துவிட்டு அனுப்பினார். மறுநாளே ஒன்பது பார்சல் கூடை மாறின. திரும்பப் போட்டார், பிழை ஓடிப்போனது. எடுத்தார், வந்து உட்கார்ந்துகொண்டது. மூன்று தடவை இந்தக் கண்ணாமூச்சி நடந்தது.

கையும் களவுமாகப் பிடிக்க முடியவில்லையே தவிர, குற்றவாளி யார் என்பதில் அக்காவுக்குச் சந்தேகமே இல்லை. ஸ்கேனர் லேபிளைப் படித்ததும், தூங்கிக்கொண்டிருக்கும் ஒரு வேலைக்காரத் திரெட்டை, அதாவது தனியாக ஓடும் ஒரு நிரல் இழையை, கெர்னல் எழுப்ப வேண்டும். அது எழுந்துதான் கையை நீட்டச் சொல்லும். எழுப்பும் பகுதி கறாருடையது. "அவர்தான் லேட்டா எழுப்புறார்" என்று அக்கா டீ மெஷின் பக்கத்தில் சொன்னார். லிஃப்ட்டில் சொன்னார். வாசல் பாதுகாவலருக்குக் கெர்னல் என்றால் என்ன என்பதை விளக்கி, அதற்கப்புறம் அவரிடமும் சொன்னார்.

இரண்டு மாதம் இப்படியே போனது. கடைசியில் அக்காவுக்கு ஒரு யோசனை தோன்றியது. அச்சு வரி இருந்தால் பிழை வரவில்லை, அப்படியானால் அச்சு வரி அங்கேயே இருந்துவிட்டுப் போகட்டுமே? பதினான்கையும் நிரந்தரமாக்கி மாற்றத்தை அனுப்பினார். தடுப்புக்கு அந்தப் பக்கம் தட்டச்சு படபடத்தது. பதில் வந்தது: 'எந்த மருந்து கேட்டதுன்னு தெரியாம, பாட்டிலைத் தலைமாட்டுல வெச்சுக்கிட்டாப் போதும்ங்கிறீங்களா? ஏற்க முடியாது. டிரேஸ்பாயின்ட் போடுங்க.'

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷம் அச்சு வரியைக் கொண்டே பிழைப்பு நடத்தியவரிடம் வந்து டிரேஸ்பாயின்ட்டாம்!

அன்று மாலை வீட்டில் கணவரிடம் ஆதியோடந்தமாகச் சொன்னார். கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். மனைவி பேசும்போது 'ம்' கொட்டுவது அவருடைய இரண்டாவது தொழில். அன்று மட்டும், 'ம்' கொட்டாமல், தட்டிலிருந்து நிமிர்ந்தார்.

"கண்ணைப் பரிசோதிக்கிறப்போ பலமான விளக்கை நேரா அடிச்சா, கண்பாப்பா சுருங்கிடும். அப்புறம் நான் அளக்கிறது அவங்க கண்ணை இல்லை, என் விளக்கைத்தான்."

"இப்ப என்ன சொல்ல வர்றீங்க?"

"நீ எழுதிப் பார்க்கிறதே அங்க நேரத்தைத் தின்னுது போல. அதனாலதான் பிழை ஒளிஞ்சுக்குது."

ஆறு மாதத்தில் அவர் பேசிய மிக நீளமான பேச்சு அது. அது சரியாகவும் இருந்ததில் அக்காவுக்குக் கோபம் இரட்டிப்பானது. உண்மைதான். ஒவ்வொரு அச்சு வரியும் மெதுவான ஒரு கம்பி வழியாக எழுத்து எழுத்தாக வெளியே போகும். அதற்குச் சில மில்லிசெகண்டுகள் ஆகும். கை நீள வேண்டிய கணக்கே மில்லிசெகண்டில்தான்.

மறுநாள் காலையில் கதவோர மேஜைக்குப் போய், யாருக்கும் தெரியாமல் விளக்கக் குறிப்புகளைப் படிக்கத் தொடங்கினார். திரையைக் கறார் பார்த்துவிடக் கூடாதல்லவா.

படிக்கப் படிக்க, விஷயம் ஒன்றும் பேய் பிசாசு இல்லை என்று தெரிந்தது. நிரலில் ஒரு இடத்தைக் குறித்துவைப்பதுதான் டிரேஸ்பாயின்ட். சாதாரணமாக அது மூடியிருக்கும். மூடியிருக்கும்போது கணினி அதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடும், செலவு இல்லையென்றே சொல்லலாம். வேண்டுமென்றால் ஒரு கோப்பில் 1 என்று எழுதித் திறக்கலாம், 0 எழுதி மூடலாம். திறந்திருக்கும்போதும் அது கம்பி வழியாகக் கூச்சல் போடாது. நேரத்தையும் நாம் கேட்ட விவரத்தையும் நினைவகத்தில் ஒரு மூலையில் குறித்துவைத்துவிட்டு நகர்ந்துவிடும். நாம் ஆற அமரப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

ஆனால் அதை வரையறுப்பதற்கு ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. பெயர் என்ன, கூப்பிடும்போது என்னென்ன கொடுப்பார்கள், அதில் எதையெல்லாம் சேமிக்க வேண்டும், எப்படி நகலெடுக்க வேண்டும், கடைசியில் மனிதர்கள் படிக்கிற மாதிரி எப்படிக் காட்ட வேண்டும் என்று ஐந்தாறு பகுதிகள். எல்லாவற்றையும் ஒரு தலைப்புக் கோப்பில் எழுதிவிட்டு, நிரலில் வேண்டிய இடத்தில் ஒரே ஒரு வரியில் அதைக் கூப்பிட வேண்டும். அச்சு வரி என்றால் தோன்றியதை எழுதிவிட்டுப் போகலாம். இது அப்படியில்லை, என்ன தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறோம் என்று முன்கூட்டியே யோசிக்கச் சொன்னது. அக்காவுக்கு அதுதான் எரிச்சல்.

யோசித்தார். தெரிய வேண்டியது மூன்றே மூன்று நேரம். லேபிள் வந்தது எப்போது, வேலைக்காரத் திரெட் கைவேலையைத் தொடங்கியது எப்போது, கைக்குக் கட்டளை போனது எப்போது. பெயர் கேட்ட இடத்தில், 'இப்போதைக்கு இருக்கட்டும், அப்புறம் நல்லதா மாத்திக்கலாம்' என்று ஆங்கில எழுத்தில் 'வந்துட்டேன்', 'எழுந்தாச்சு', 'தள்ளிட்டேன்' என்று வைத்தார்.

முதல் தடவை நிரலை ஓட்டத் தயார் செய்தபோது திரை முழுக்கப் பிழைச் செய்தி. 'இந்த டிரேஸ்பாயின்ட்டுகள் இங்கேதான் பிறக்கின்றன' என்று அறிவிக்கும் வரி ஒரே ஒரு கோப்பில்தான் இருக்க வேண்டும். அக்கா பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று இரண்டு கோப்பில் போட்டிருந்தார். ஒரே பிள்ளைக்கு இரண்டு பிறப்புச் சான்றிதழா என்று கணினி சண்டைக்கு வந்தது. ஒன்றை எடுத்ததும் அடங்கியது.

அடுத்து, கிடங்குப் பெட்டியில் ஏற்றித் திறந்து பார்த்தால், வந்த அறுநூறு பார்சலிலும் ஒரே லேபிள். அக்கா போனை எடுத்தார்.

"சார், இன்னைக்கு உங்க பார்சல் எல்லாம் ஒரே ஊருக்கா போகுது?"

"அப்படிப் போனா இந்த மெஷினை நான் ஏன் மேடம் வாங்குறேன்?"

அரை நாள் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டார். கடைசியில் வேறு வழியில்லாமல், பல்லைக் கடித்துக்கொண்டு, கறாருக்கு மெயில் எழுதினார். நான்கே நிமிஷத்தில் பதில் வந்தது: 'லேபிள் இருக்கிற இடத்தோட விலாசத்தைத்தான் நீங்க குறிச்சு வெச்சிருக்கீங்க. அப்புறம் போய்க் கதவைத் தட்டினா, அங்க வேற குடித்தனம் வந்திருக்கும். லேபிளையே நகலெடுங்க.' திட்டு இல்லை, குத்தல்கூட இல்லை. அதுவே அக்காவுக்குச் சந்தேகமாக இருந்தது.

நகலெடுத்தார். மறுநாள் காலை, கிடங்கில் பெல்ட் ஓட ஆரம்பித்ததும், அலுவலகத்திலிருந்தே மூன்றையும் திறந்துவிட்டுக் காத்திருந்தார். பத்தரை மணிக்கு மேலாளர் போன் பண்ணினார்.

"மேடம், ரெண்டு மஞ்சக் கூடைக்குப் போயிடுச்சு."

"வந்துடுச்சா? நிஜமாவா? பிழை வந்துடுச்சா!" என்று அக்கா நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார். "ரொம்ப சந்தோஷம் சார்!"

அலுவலகத்தில் சுற்றி இருந்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். பிழை வந்ததற்குப் பரவசப்படுகிறவரை அவர்கள் பார்த்ததில்லை. அக்காவுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. கண் வைத்துப் பார்த்தும் பிழை ஓடி ஒளியவில்லை, அவருக்கு அது போதும்.

பதிவைப் படித்தார். 'வந்துட்டேன்' முதல் 'எழுந்தாச்சு' வரை வழக்கமாக ஒரு மில்லிசெகண்டுகூட ஆகவில்லை. தவறிப்போன இரண்டு பார்சலுக்கு மட்டும் அறுபத்து நான்கு, எழுபத்தொன்று. 'தள்ளிட்டேன்' எல்லாம் ஒழுங்காக இருந்தது. தாமதம் முழுக்க எழுப்புவதில்தான்!

அக்கா கறாருக்கு மெயில் எழுதத் தொடங்கினார். 'உங்கள் பகுதியின் தாமதம் குறித்து' என்று தலைப்பு. நான்கு பத்தி, ஒவ்வொன்றும் பாயசம் சாப்பிடுகிற மாதிரி ருசித்து எழுதினார். அனுப்பும் முன், ஆணி அடித்தாற்போல இன்னொரு சாட்சியும் இருக்கட்டும் என்று தோன்றியது. கெர்னலிலேயே வேறு ஆட்கள் முன்பே வரையறுத்துவைத்த டிரேஸ்பாயின்ட்டுகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. வேலைக்காரத் திரெட்டுகள் எந்த வேலையை எப்போது எடுத்தன, எப்போது முடித்தன என்று சொல்லும் சிலவற்றையும் சேர்த்துத் திறந்தார்.

அடுத்த தவறு பதினொன்றே காலுக்கு நடந்தது. பதிவைப் பார்த்தார். வேலைக்காரத் திரெட் தூங்கவே இல்லை. கறார் எழுப்புவதற்கு அங்கே வேலையே இல்லை. அது ஏற்கெனவே முழித்துக்கொண்டு, வேறொரு வேலையில் மூழ்கியிருந்தது. நிலவர அறிக்கையை மெமரி கார்டில் எழுதும் வேலை. கைவேலையும் கார்டு வேலையும் ஒரே வரிசையில் நின்றன. கார்டு கொஞ்சம் மெதுவாக எழுதும்போது, பின்னால் நின்ற கைவேலை காத்துக் கிடந்தது. அக்கா முன்பு போட்ட பதினான்கு அச்சு வரிகளில் இரண்டு கார்டு வேலைக்குள் இருந்தன. அவை இருந்தபோது கார்டு எழுதும் நேரம் தள்ளிப் போய், பார்சல் வரும் நேரத்தோடு மோதாமல் இருந்தது. அவ்வளவுதான் ரகசியம்.

இந்தக் கார்டு வேலையை யார் இங்கே கொண்டுவந்து நிறுத்தியது? அக்கா கோப்பின் வரலாற்றைத் திறந்தார். நான்கு வருஷத்துக்கு முந்தைய தேதி. மாற்றத்தின் குறிப்பு, 'சும்மா ஒரு சின்ன வசதி'. கீழே அக்காவின் பெயரேதான்.

அக்கா மெள்ள எழுந்து போய்க் கை கழுவினார். கை அழுக்காகவே இல்லை. திரும்பி வந்து, ருசித்து எழுதிய நான்கு பத்தியையும் அழித்தார்.

திருத்தம் சின்னதுதான். கார்டு வேலைக்குத் தனி வரிசை கொடுத்தால் தீர்ந்தது, பத்து வரிகூட ஆகாது. 'வேலை வரிசை சீரமைப்பு' என்று பட்டும் படாமலும் தலைப்புப் போட்டு அனுப்பினால், கறார் கண்டுபிடிக்காமலும் போகலாம். அக்கா அப்படியே எழுதியும் பார்த்தார். ஐந்து நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். லிஃப்ட் ஞாபகம் வந்தது. டீ மெஷின் ஞாபகம் வந்தது. தலைப்பை அழித்துவிட்டு எழுதினார்: 'பிழை என்னுடையது. நாலு வருஷத்துக்கு முன்னாடி நான் போட்டது. ரெண்டு மாசமா ஊரெல்லாம் உங்களைச் சொல்லிக்கிட்டிருந்தேன். தப்பு.' கண்ணை மூடிக்கொண்டு அனுப்பிவிட்டார்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் தட்டச்சு நின்றது. பிறகு நாற்காலி கிறீச்சிட்டது. கறார் தொட்டிச் செடியைச் சுற்றிக்கொண்டு வந்து அக்காவின் மேஜை முன்னால் நின்றார். பதினோரு வருஷத்தில் அவர் தலை நன்றாக வழுக்கையாகியிருந்தது. இதை ஒருத்தருமே நம்மிடம் சொல்லவில்லையே என்று அக்காவுக்குத் தோன்றியது.

"ஊரெல்லாம்னா, வாசல் வரைக்குமா சொன்னீங்க?"

"ம்... ஆமா."

"வாசல்ல இருக்கிற பாதுகாவலர் போன வாரம் என்னை நிறுத்தி, 'சார், லேட்டா எழுப்புறவர் நீங்கதானா'ன்னு கேட்டார். எனக்கு ஒண்ணும் புரியலை. 'நான் காலையில அஞ்சு மணிக்கே எழுந்துடுவேனே'ன்னு சொல்லிட்டு வந்தேன்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அசடு வழிந்தார். கறார்தான் முதலில் சிரித்தார். சிரிப்பு அவருக்குப் பழக்கமில்லை போலிருக்கிறது, இருமலில் போய் முடிந்தது.

"திருத்தம் சரியா இருக்கு. டிரேஸ்பாயின்ட்டும் நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா இந்தப் பேரு..."

"அது இப்போதைக்குங்க. அடுத்த வாரம் மாத்திடுறேன்."

"இப்பவே மாத்துங்க. அப்புறம் மாத்த முடியாது."

அதற்குள் போன் அடித்தது. மேலாளர். மேலும் நான்கு பார்சல் மஞ்சள் கூடைக்குப் போயிருந்தன, மனுஷன் அழாத குறை. கறார் போனைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். "சரி, போகட்டும். இந்த ஒரு தடவை" என்றார். அவர் தொழில் வாழ்க்கையில் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. பலனைப் பின்னால் அனுபவித்தார்.

பிழை அன்றோடு போயிற்று. ஆனால் கிடங்கு மேலாளருக்கு அந்தப் பதிவுகள் பிடித்துப்போய்விட்டன. தெரிந்த ஒருவரை வைத்து, மூன்று டிரேஸ்பாயின்ட்டையும் படித்துச் சுவரில் பெரிய திரையில் படம் போட்டுக் காட்டும் நிரல் ஒன்றை எழுதிக்கொண்டார். பக்கத்துக் கிடங்குக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுத் தங்களுக்கும் வேண்டுமென்று கேட்டார்கள். அக்காவின் 'அடுத்த வாரம்' மூன்று மாதம் கழித்து வந்தபோது பதினோரு கிடங்குகளில் அந்தத் திரை ஓடிக்கொண்டிருந்தது.

அக்கா பெயர்களை மாற்றி, மதிப்பான ஆங்கிலப் பெயராக வைத்து அனுப்பினார். கறார் தடுப்புக்கு மேலே தலையை நீட்டினார்.

"மாத்த முடியாது."

"என்னங்க இது! நீங்கதானே பேரு நல்லா இல்லைன்னு சொன்னீங்க?"

"சொன்னேன். இப்ப பதினோரு இடத்துல அந்தப் பேரை நம்பி நிரல் ஓடுது. நீங்க மாத்தினா எல்லாத் திரையும் வெறிச்சுன்னு ஆயிடும். வெளியாள் பயன்படுத்த ஆரம்பிச்சதை உடைக்கக் கூடாது."

"எனக்கு மானம் போகுதுங்க."

"போகட்டும். திரை போகக் கூடாது."

அக்கா மேலாளருக்குப் போன் செய்து கெஞ்சிப் பார்த்தார். "அய்யய்யோ, வேணாம் மேடம். எங்க ஆளுங்களுக்கு இதுதான் புரியுது. 'எழுந்தாச்சு கொஞ்சம் லேட்டா இருக்கு'ன்னு அவங்களே வந்து சொல்றாங்க" என்றார் அவர். இதைவிடக் கொடுமை, கிடங்குகளின் தலைமையகத்தில் ஒரு பெரிய அதிகாரி, கோட் போட்டுக்கொண்டு, முப்பது பேர் முன்னால் 'தள்ளிட்டேன் சராசரி' என்று முகம் மாறாமல் வாசித்தாராம். அக்கா அன்று மதியம் சாப்பிடவில்லை.

அதற்கப்புறம் அலுவலகத்தில் மற்றவர்களும் டிரேஸ்பாயின்ட் கற்றுக்கொள்ள வேண்டுமென்று முடிவாகி, அக்காவையே பேசச் சொன்னார்கள். கூட்ட அறையில் இருபது நிமிஷம். அக்கா ஐம்பது நிமிஷம் பேசினார். அதில் பாதி நேரம் தான் செய்த தப்புகளைப் பற்றித்தான். இரட்டைப் பிறப்புச் சான்றிதழ், ஒரே ஊருக்குப் போன அறுநூறு பார்சல், எல்லாம் வந்தது. ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கறார் கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

முடிவில் ஒருவர் எழுந்து, "அக்கா, செலவே இல்லைன்னா நிரல்ல ஒவ்வொரு ஃபங்ஷன்லேயும் ஒண்ணு போட்டுடலாமே?" என்று கேட்டார்.

"வேணாம்!" என்று இரண்டு குரல் ஒரே நேரத்தில் கேட்டது. ஒன்று மேடையிலிருந்து, இன்னொன்று கடைசி வரிசையிலிருந்து.

"ஏன்னா, ஒவ்வொண்ணும் காலாகாலத்துக்கும் நம்ம தலையில விழுற பொறுப்பு" என்றார் கறார்.

"அதில்லைங்க. எல்லாத்தையும் குறிச்சா, எதைப் பார்க்கிறதுன்னு தெரியாது" என்றார் அக்கா.

"அது பார்க்கிறவங்க கவலை. வேண்டியதை மட்டும் திறந்துக்கலாமே."

"திறக்கிறதுக்கே எது வேணும்னு தெரியணுமில்லையா?"

"அதுக்குத்தான் நல்ல பேரு வைக்கணும்கிறது."

"ஏங்க, அதை இப்ப எதுக்கு இழுக்கிறீங்க?"

கறார் கடைசி வரிசையிலிருந்து எழுந்து, வெள்ளைப் பலகைக்கே வந்துவிட்டார். அக்கா இன்னொரு பேனாவை எடுத்துக்கொண்டார். கேள்வி கேட்டவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு உட்கார்ந்தார், அப்புறம் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மற்றவர்களும் ஒவ்வொருவராக டீ குடிக்கப் போனார்கள். அடுத்த கூட்டத்துக்காக அந்த அறையைக் கேட்டிருந்தவர்கள் வெளியே நின்று கண்ணாடிக் கதவை இரண்டு தடவை தட்டினார்கள். பலகையின் இடது பாதியில் அக்கா ஒரு படம் வரைந்துகொண்டிருந்தார், வலது பாதியில் கறார் அதை மறுத்து இன்னொரு படம் வரைந்துகொண்டிருந்தார். இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.